கல்லாவுக்கு இந்தப் பக்கம்

கூட்டுறவுப் பண்டகசாலையின் கதையை எழுதுகிறவர்கள் திருவல்லிக்கேணியிலிருந்துதான் தொடங்குவார்கள். 1904இல் 14 பேர் கூடி அமைத்த திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமே இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவு. சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் முன்னின்றார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் தொழிலாளர்கள் 1844இல் தொடங்கிய கடையின் விதிகள்தான் இதற்கு வழிகாட்டின. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. இன்னொரு விதியும் உண்டு: ரொக்கத்துக்கு மட்டுமே விற்பனை, கடன் கிடையாது.

மாதச் சம்பளக்காரருக்கு அது நல்ல விதி. எங்கள் தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூர்ப் பக்கம், சேற்றில் நின்றவர்களுக்கு? கூலி நெல்லாக வந்தது. அதுவும் நடவுக்கும் அறுப்புக்கும்தான். மற்ற நாளெல்லாம் உப்பும் மிளகாயும் மண்ணெண்ணெயும் கடையில் பற்று. எங்க அம்மா சொல்லும்: “காச தரையில வைக்கணும். சாமான முந்தியில போடுவாரு, கை படாம. நம்ம நெல்ல அளக்க ஒரு படி, நமக்கு அளந்து தர வேற படி. அறுப்பு முடிஞ்சா நெல்லு வீட்டுக்கு எங்க வருது? நேரா கடைக்குத்தான் போகும்.” பற்று நோட்டு கடைக்காரரிடம். படிக்கத் தெரிந்தவரும் அவர்தான்.

திருவல்லிக்கேணியில் கடை திறந்த அதே காலத்தில் எங்கள் பரம்பில் அலெக்சாண்டர் ரீ தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்த பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கிடைத்தன. செத்தவருக்கும் தானியம் பங்கு வைத்த மண் இது.

தூத்துக்குடியில் வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி கண்டார். சுதேசிப் பண்டகசாலையும் அமைத்தார். கோரல் மில் தொழிலாளரோடு 1908இல் நின்ற மனிதரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்நியச் சரக்கை வாங்க மறுப்பதற்கு அன்று பகிஷ்காரம் என்று பெயர். சேரிக்கு அந்தச் சொல் தலைகீழாகத்தான் வந்து சேர்ந்தது. நமக்கு விற்க மறுப்பதுதான் நாம் கண்ட பகிஷ்காரம்.

பம்பாய் மாகாண அரசு 1928இல் அமைத்த குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். ஒடுக்கப்பட்டவர்கள் உரிமை கேட்டால் வேலை நிற்கும், பாதை அடைபடும், ஊர்க் கடைக்காரர் சாமான் தரமாட்டார் என்று அந்தக் குழுவின் 1930 அறிக்கை சொன்னது. அதே ஆண்டு வட்டமேசை மாநாட்டில், இப்படிப்பட்ட பகிஷ்காரத்தைக் குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார் அம்பேத்கர். பர்மாவின் 1922ஆம் ஆண்டுச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு தெளிவாகக் குற்றமாக எழுதப்பட்டது 2015 திருத்தத்தில்தான். 85 வருஷம். அதற்குப் பிறகும் 2022இல் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் கேட்டு வந்த தலித் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் கேட்டது மிட்டாய்.

ரேஷன் கடை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளை நடத்துவது கூட்டுறவுச் சங்கங்கள்தான். அந்த அரிசி இல்லாவிட்டால் நம் உலை பல நாள் கொதித்திருக்காது. அதைக் குறைத்துப் பேசுகிறவன் நானில்லை. ஆனால் கடை எங்கே இருக்கிறது? சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களில் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, ரேஷன் கடைகளில் மிகச் சிலவே தலித் குடியிருப்பில் இருப்பதைக் காட்டியது. மற்றவற்றுக்கு நாம் ஊருக்குள் நடந்து போய் வரிசையில் நிற்கிறோம்.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதே முட்டுச்சுவரில் மோதியவர்கள். பெருமந்த நாட்களில், 1930களின் தொடக்கத்தில், எல்லா பேக்கர் என்ற இளம்பெண் கறுப்பின இளைஞர் கூட்டுறவுக் கழகத்தின் தேசிய இயக்குநராக ஊர் ஊராக வாங்குவோர் குழுக்களை உண்டாக்கினார். கட்டடம் வேண்டாம், கல்லா வேண்டாம். சில குடும்பங்கள் காசு சேர்த்து மொத்தமாக எடுத்துப் பங்கிட்டுக்கொள்வது. பின்னாளில் குடியுரிமைப் போராட்டத்தைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் அவர்.

அதற்கும் கையில் ரொக்கம் வேண்டுமே! இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் பழைய மேதக் மாவட்டம் ஜகீராபாத் பக்கத்துத் தலித் பெண்கள். தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் கிராமச் சங்கங்களில் திரண்ட அவர்கள், 1990களின் நடுவில் தரிசுக் காடுகளை உழுது சோளம் விதைக்கக் கடன் கொடுத்தார்கள். கடன் திரும்பி வந்தது காசாக அல்ல, சோளமாக. அதைத் தங்கள் ஊரிலேயே சேமித்து, பஞ்ச மாதங்களில் குறைந்த விலைக்கு அளந்தார்கள். யார் வீட்டில் எவ்வளவு வறுமை என்று ஊரே கூடிப் பேசி முடிவு செய்தது, அதன்படி பங்கு. நெல்லரிசி மட்டுமே தெரிந்த அரசு விநியோகத்துக்கு எதிரே அவர்களுடையது சோளக் கடை.

எங்கள் பக்கத்து மகளிர் குழுக்கள் தவணை கட்டியே ஓய்ந்துபோகின்றன. நாலு குழு சேர்ந்து தூத்துக்குடி மொத்தக் கடையில் ஒரு மூட்டை பருப்பு எடுத்துப் பார்க்கலாம் என்று சென்ற மாதம் பேசினோம். “எடைய யாரு போடுறது?” என்று ஒரு அக்கா கேட்டாங்க. அன்றைக்குக் கூட்டம் முழுக்க அந்தப் பேச்சுத்தான்.