வளவுக் கோழிகளின் குடற்புழு: மருந்துக்கு முன் மண்ணைக் கவனியுங்கள்

போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்டவற்றில் கோழிக்குஞ்சுகளும் கோழிக்கூடும் முக்கியமானவை. வளவுக்குள் நிற்கும் பத்துக் கோழிகள் பிள்ளைகளுக்கு முட்டையையும், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசையும் தருகின்றன. பொருளாதார நெருக்கடியில் கோழித்தீனுக்குத் தட்டுப்பாடு வந்து, 2023இல் இந்தியாவில் இருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை ஏற்பட்டது. வளவு முட்டையின் பெறுமதி அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

இந்தக் கோழிகளின் முட்டையைச் சத்தமில்லாமல் குறைப்பது குடற்புழு. அம்மை வந்தால் முகத்தில் தெரியும். ரணிகெற் வந்தால் கூடே வெறுமையாகும். குடற்புழுவோ கோழியைக் கொல்லாமல், அது தின்னும் தீனில் பங்கு கேட்டபடி மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். கிளிநொச்சிப் பக்கத்தில் சில வருடங்களாக வளவுக்கோழி வளர்ப்பவன் என்ற முறையில் அயலவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்தப் பூச்சி மருந்து நல்லது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், புழு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லவேண்டி இருக்கிறது.

கோழிக்குள் பாதி, மண்ணுக்குள் பாதி

வளவுக் கோழிகளில் பெரிதாகக் காணப்படுவது வட்டப்புழு. வெள்ளை நிறம். 5 முதல் 12 சென்ரிமீற்றர் வரை நீளம். சிறுகுடலில் வாழும். பெண் புழு இடும் முட்டைகள் எச்சத்தோடு மண்ணில் விழும். அவை விழுந்த உடனே தொற்றுவதில்லை. சூடும் ஈரமும் இருந்தால் ஏறக்குறைய இரண்டு கிழமைக்குள் உள்ளே குடம்பி வளர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். கோழி அதைக் கொத்தி விழுங்கினால், 5 முதல் 8 கிழமைக்குள் அது வளர்ந்த புழுவாகித் தானும் முட்டையிடத் தொடங்கும். ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இந்த முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். கடும் வெயிலும் வறட்சியும்தான் அவற்றுக்கு எதிரி.

மருந்து கோழியின் வயிற்றில் உள்ள புழுவை மட்டுமே வெளியேற்றும். வளவு மண்ணில் கிடக்கும் முட்டைகளை அது தொடாது. மருந்து கொடுத்துவிட்டு, அதே அழுக்குத் தரையில் தீனை எறிந்தால் இரண்டு மாதத்தில் பழைய நிலைதான்.

வேறு புழுக்களும் உண்டு. குருட்டுக்குடலில் வாழும் சிறிய புழு ஒன்று முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரை இருக்கும். அது கோழிக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் வான்கோழிகளைக் கொல்லும் ஒரு நோய்க்கிருமியை அதன் முட்டை காவிச் செல்லும். அதனால் வான்கோழியையும் கோழியையும் ஒரே வளவில் விடக்கூடாது. தலைமயிர் போன்ற மெல்லிய புழு கண்ணுக்கு எளிதில் தெரியாது, பாதிப்போ அதிகம். நாடாப்புழு நேரடியாகத் தொற்றுவதில்லை. எறும்பு, வண்டு, ஈ ஆகியவற்றைக் கோழி தின்னும்போது உள்ளே போகிறது. மாட்டுச்சாணக் குவியலைக் கிளறும் கோழிகளுக்கு வண்டுகள் மூலம் அது வர வாய்ப்பு அதிகம்.

இந்தப் புழுக்கள் முட்டையாலோ இறைச்சியாலோ மனிதருக்குத் தொற்றுவதில்லை. மிக அரிதாக முட்டைக்குள்ளேயே ஒரு வட்டப்புழு காணப்படுவதுண்டு. அருவருப்பாக இருக்கும், ஆபத்தில்லை. ஆனால் அந்தக் கோழிக்குப் புழு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கொண்டை வெளிறுதல், நன்றாகத் தின்றும் நெஞ்செலும்பு கத்திபோல் துருத்துதல், இறகு மங்குதல், முட்டை குறைதல், எச்சம் இளகுதல் ஆகியன அறிகுறிகள். ஆனால் இவை புழுவுக்கு மட்டும் உரியவை அல்ல. இறகு உதிரும் காலம், அடைகிடக்கும் காலம், வயது, தீன் போதாமை, செட்டைக்குள் பேன் என எல்லாவற்றாலும் முட்டை குறையும். அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து வாங்குவது காசை எறிவதாக முடியலாம்.

நிச்சயமாக அறிய மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, எச்சத்தைப் பார்ப்பது. காலையில் கூட்டுக்குள் கிடக்கும் புதிய எச்சத்தில் அரிசிமணி போன்ற வெள்ளைத் துண்டுகள் இருந்தால் அது நாடாப்புழு. சில வேளை முழு வட்டப்புழுவே கிடக்கும்.

இரண்டாவது, சமையலுக்கு அறுக்கும் கோழியின் குடலை நீளவாக்கில் கீறிப் பார்ப்பது. செலவில்லாத, மிக நல்ல பரிசோதனை இது. நாலைந்து புழு இருப்பது வளவுக் கோழியில் வழமை. கட்டுக்கட்டாக இருந்தால் மற்றக் கோழிகளுக்கும் அதே நிலைதான். பார்த்த குடலை நாய்க்கோ கோழிகளுக்கோ எறியாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பல கோழிகளின் புதிய எச்சத்தைச் சிறு போத்தலில் சேர்த்து அருகில் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுசெல்வது. எச்சத்தைச் செறிந்த உப்புக் கரைசலில் கலந்தால் புழு முட்டைகள் மேலே மிதக்கும். நுணுக்குக்காட்டியில் அவற்றை எண்ணலாம். எந்தப் புழு, எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று சொல்ல முடியும்.

குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியோசிஸ். அதை உண்டாக்குவது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. பூச்சி மருந்து அதற்கு வேலை செய்யாது. தாமதித்தால் ஓரிரு நாளில் குஞ்சுகள் செத்துப்போகும். உடனே வைத்தியரிடம் போங்கள்.

மருந்து: எது, எப்போது?

பைப்பரசின் மலிவானது. ஆனால் வளர்ந்த வட்டப்புழுவை மட்டுமே அது வெளியேற்றும். குடற்சுவரில் இருக்கும் இளம் புழுக்கள் தப்பிவிடும். ஆகவே சில கிழமைகளின் பின் திரும்பவும் கொடுக்கவேண்டி வரும். லெவமிசோல், அல்பெண்டசோல், பென்பெண்டசோல் ஆகியவை அதைவிடப் பல வகைப் புழுக்களுக்கு வேலை செய்யும். நாடாப்புழுவுக்குப் பிரசிகுவாண்டல் சிறந்தது. அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகையை இறகு உதிர்ந்து முளைக்கும் காலத்தில் தவிர்ப்பது நல்லது. புதிய இறகு பழுதாக முளைக்கும்.

மருந்தின் அளவு கோழியின் நிறையைப் பொறுத்தது. இரண்டு மூன்று கோழிகளையாவது தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த நிறையை வைத்தியரிடம் சொல்லுங்கள். மாட்டுக்கு வாங்கிய போத்தலில் மீந்ததைக் கண்மதிப்பில் ஊற்றவேண்டாம். குறைவாகக் கொடுத்தால் வலிய புழுக்கள் மிஞ்சி, நாளடைவில் மருந்துக்கு அடங்காமல் போகும். தண்ணீரில் கலந்து கொடுப்பதானால், விடிய இரண்டு மணித்தியாலம் தண்ணீரை எடுத்துவிட்டு, பிறகு சில மணித்தியாலத்தில் குடித்து முடிக்கக்கூடிய அளவில் கலந்து வையுங்கள். அன்று வேறு தண்ணீர் கிடைக்காதபடி கிணற்றடியையும் மறிக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முட்டை. பல மருந்துகளின் மிச்சம் முட்டைக்குள் போகும். எத்தனை நாட்களுக்கு முட்டையை உண்ணக்கூடாது என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். லேபலில் பாருங்கள். இல்லையென்றால் வைத்தியரிடம் கேளுங்கள். அந்த நாட்களின் முட்டைகளை விற்கவும் கூடாது, பிள்ளைக்குக் கொடுக்கவும் கூடாது. அன்றாடம் முட்டை விற்றுச் சீவிப்பவருக்கு இது சின்ன இழப்பல்ல. அதனால்தான் நான் காலத்தைப் பார்த்து மருந்து கொடுக்கிறேன். இளம் பேடுகளுக்கு முதல் முட்டைக்கு முன்னரும், ஊர்க்கோழிகளுக்கு அவை குஞ்சோடு திரியும் காலத்திலும் கொடுத்தால் வீணாகும் முட்டை இல்லை.

வேப்பிலை, உள்ளி, பப்பாசி விதை என்று கைவைத்தியங்களும் உண்டு. தீனோடு கொஞ்சம் சேர்ப்பதில் பிழையில்லை. ஆனால் குடல் நிறையப் புழு உள்ள கோழியை அவற்றை மட்டும் நம்பி விடவேண்டாம்.

வளவில் செய்யவேண்டியவை

தீனை நிலத்தில் எறியாமல் தொட்டியில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கல்லின்மேல் உயர்த்துங்கள். குசினித் தண்ணீர் ஓடும் இடமும் கிணற்றடியும்தான் புழு முட்டைகளின் நாற்றுமேடை. அங்கே கோழி போகாதபடி ஒரு கிடுகு மறைப்போ பழைய வலையோ கட்டினால் போதும்.

கூட்டைக் காலில் உயர்த்தி, எச்சம் கீழே விழும்படி சலாகை அடித்தால், இரவு முழுவதும் போடும் எச்சம் கோழியின் காலுக்குப் படாது. கீழே விழுவதைக் கிழமைக்கு இரண்டு தடவை வழித்தெடுத்து, மூடிய குவியலாகச் சூடேறி மக்கவிட்டு, பிறகு தோட்டத்துக்குப் போடலாம். தரையில் மரத்தூளோ உமியோ பரப்பியிருந்தால் அடிக்கடி கிளறிக் காயவிடுங்கள். நனைந்த பகுதியை அகற்றுங்கள்.

குஞ்சுகளைப் பெரிய கோழிகளில் இருந்து பிரித்து வளருங்கள். மூன்று மாதம் கடந்த கோழிக்கு எதிர்ப்புச் சக்தி கூடும். அது புழுவைத் தாங்கிக்கொண்டு முட்டைகளைப் பரப்பும், குஞ்சோ தாங்காது. உயிர்ச்சத்து ஏ குறைந்த கோழிகளில் வட்டப்புழு அதிகம் பெருகும். முருங்கை இலையும் வேறு பச்சைக் கீரைகளும் தினமும் கிடைக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரி. வளவு காய வழியில்லாத மாதங்கள் அவை. ஆகவே புரட்டாசியில் எச்சத்தைப் பரிசோதித்து, தேவையென்றால் மருந்து கொடுத்து, கூட்டுத் தரையை மாற்றிவிடுங்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் திரும்பவும் ஒருமுறை பரிசோதியுங்கள். வளவை இரண்டாக மறித்து, ஒரு பக்கத்தை வெயிலில் காயவிட்டு மறுபக்கத்தில் கோழிகளை விட முடிந்தால் இன்னும் நல்லது.

புழுவே இல்லாத வளவுக்கோழி கிடையாது. கோழி தாங்கும் அளவுக்குள் அதை வைத்திருப்பதுதான் எங்களால் செய்யக்கூடியது. அதற்குத் தேவை ஒரு மண்வெட்டி, ஒரு தீன்தொட்டி, வருடத்தில் இரண்டு முறை கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய்வரும் நேரம். மருந்துப் போத்தல் அதற்குப் பிறகுதான்.