சாவ் சாவின் முகத்துக்கு வெள்ளை பூசியது யார்?

பீக்கிங் ஒபரா எண்டதும் ஞாபகத்துக்கு வாறது அந்த வர்ணம் தீட்டிய முகங்கள்தான். ஆனால் மேடையில் ஏறுகிற எல்லாருக்கும் அப்படித் தீட்டுவதில்லை. வீரர், நீதிபதி, தேவர், சூழ்ச்சிக்காரர் எண்டு வாற 'ஜிங்' பாத்திரங்களுக்குத்தான் முழு முகத்துக்கும் வர்ணம். கோமாளிக்கு மூக்கைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு, அவ்வளவுதான்.

குவான் யூவின் சிவப்பு விசுவாசம், நீதிபதி பாவ் செங்கின் கறுப்பு நேர்மை, பொன்னிறம் தெய்வம். இந்தப் பட்டியலை எங்கேயும் வாசிக்கலாம். நாங்கள் கொஞ்சம் நிண்டு பார்க்க விரும்புவது வெள்ளையை.

வெள்ளை எண்டால் சாவ் சாவ். வெள்ளைப் பொடியைத் தண்ணியில் குழைச்சு, தோலே தெரியாமல் பூசி, மேலே மெல்லிய கறுப்புக் கோடுகள் கீறுவார்கள். தன் உண்மை முகத்தை மறைக்கிற ஆள் எண்டு அதுக்கு அர்த்தம்.

வரலாற்றுச் சாவ் சாவ் (155–220) வடசீனத்தை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தவர், நல்ல கவிஞர், போரில் பாழாய்க் கிடந்த நிலங்களில் ஆட்களைக் குடியேற்றிப் பயிர் செய்வித்தவர். அப்பாவி இல்லை, சூச்சோவில் அவருடைய படை செய்த படுகொலை பழைய வரலாற்று நூல்களிலேயே இருக்கு. ஆனால் கதைகளில் நல்லவராக வாற அவருடைய எதிரி லியூ பெய்யும், தன்னை உதவிக்கு அழைச்ச அதே லியூ குலத்தவரின் நாட்டையே பறிச்சவர்தானே?

கதை கேட்கிற பிள்ளைகள் லியூ பெய் தோத்தால் அழுவதையும், சாவ் சாவ் தோத்தால் துள்ளுவதையும் 11ஆம் நூற்றாண்டிலேயே கவிஞர் சூ ஷி குறித்து வைத்திருக்கிறார். பிறகு 1127இல் சொங் அரசு வடக்கைப் பறிகொடுத்துத் தெற்கே ஒதுங்கியது. தங்கள் மண்ணை இழந்து நிண்ட அந்தச் சனத்துக்கு, வடக்கை வைத்திருந்த சாவ் சாவ் அபகரிப்பாளராகவும், மூலைக்குத் தள்ளப்பட்ட லியூ பெய் உரிமைக்காரராகவும் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்? 'மூன்று இராச்சியங்களின் கதை' நாவல் அந்தப் பார்வையை ஊரெல்லாம் கொண்டுபோனது. 1790இல் சியென்லோங் பேரரசரின் 80ஆவது பிறந்தநாளையொட்டி அன்ஹுய் நாடகக் குழுக்கள் பீஜிங்குக்கு வந்து, அதிலிருந்து பீக்கிங் ஒபரா வளரத் தொடங்கியபோது, தீர்ப்பு எப்பவோ எழுதி முடிஞ்சிருந்தது. ஒப்பனைக்காரருக்கு மிஞ்சியது பூசுகிற வேலை மட்டும்தான்.

1959இல் குவோ மொருவோ சாவ் சாவின் பெயரை மீட்கக் கட்டுரை எழுதினார். 'சாய் வென்ஜி' நாடகத்திலும் அவரை நல்லவராகக் காட்டினார். அதையும் தூய வரலாற்று ஆர்வம் எண்டு எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மாவோவும் சாவ் சாவை மெச்சியவர். ஒபரா மேடையிலோ அவருடைய முகம் இண்டைக்கும் வெள்ளைதான்.