எல்லைப்புறத் தமிழ்க் கிறித்தவர்களின் மன்றாட்டு மொழி: பாலக்காடு, இடுக்கிப் பகுதிகளை முன்வைத்து

மன்றாட்டு என்பது தனிமனிதருக்கும் இறைவனுக்கும் இடையிலான உறவு என்றே கிறித்தவ இறையியலார் விளக்குவர். இறைவனைச் சார்ந்து நிற்றலும் அவரோடு ஒன்றித்தலும் அவ்வுறவின் நிலைகளாகக் கூறப்படும். ஆயினும் மன்றாட்டு ஏதேனும் ஒரு மொழியில்தான் நிகழ்கிறது. மொழிக்கோ நிலமும் ஆட்சியும் எல்லையும் உண்டு. கேரளத்தின் கிழக்கு விளிம்பில், பாலக்காட்டுச் சமவெளியிலும் மூணாறு மலைகளிலும் வாழும் தமிழ்க் கிறித்தவர்களின் மன்றாட்டு மொழியை வரலாற்று நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

இன்றைய கேரள மண்ணில் தமிழ் மன்றாட்டு வந்தேறியதன்று. தமிழில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார் உருவாக்கிய 16 பக்க நூல் அது. மறுஆண்டில் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. இரண்டுமே மன்றாட்டும் மறைக்கல்வியும் கூறுவன. இறைவனைக் குறிக்கச் சைவ மரபில் வழங்கிய 'தம்பிரான்' என்னும் சொல்லை ஆண்டமை கருதத்தக்கது. பின்னர்ச் 'சர்வேசுரன்' கத்தோலிக்கரிடையிலும் 'பராபரன்', 'கர்த்தர்' என்பன சீர்திருத்தச் சபையாரிடையிலும் நிலைபெற்றன. ஒரு சாரார் 'செபம்' என எழுத, மறுசாரார் 'ஜெபம்' என எழுதியதும் இவ்வழி வந்ததே.

மூணாற்றுப் பகுதியில் தமிழ் மன்றாட்டு தேயிலையோடு வேரூன்றியது. 1877-இல் பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். தோட்டங்கள் பெருகியபோது திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து தொழிலாளர் கங்காணிகள் வழியே மலையேறினர். 1898-இல் ஸ்பானியக் கார்மல் சபைத் துறவி அல்போன்சு அடிகளார் அங்குக் கார்மல் மாதா ஆலயத்தைத் தொடங்கினார். ஆங்கிலிக்கர் தரப்பில் கல்லறையே ஆலயத்துக்கு முந்தியது. 1894-இல் வாந்திபேதியால் இறந்த எலினர் நைட் என்னும் ஆங்கிலப் பெண்மணி குன்றின்மேல் அடக்கம் செய்யப்பட்டார். அதன் அடிவாரத்தில் கிறித்து ஆலயம் 1910-இல்தான் எழத் தொடங்கியது. இன்று தென்னிந்தியத் திருச்சபைக்குரிய அவ்வாலயத்தின் சுவர்களில் துரைமாரின் நினைவுத் தகடுகள் உள்ளன. வழிபாடு தமிழிலும் நடைபெறுகிறது.

'சார்ந்து நிற்றல்' என்னும் சொல் இங்குத் தனிப் பொருள் பெறுகிறது. தொழிலாளி கங்காணியின் முன்பணத்தைச் சார்ந்திருந்தான். கங்காணி துரையைச் சார்ந்திருந்தான். குடியிருந்த லயமும் தோட்டத்துக்குரியது. இந்நிலையில் இறைவனைச் சார்ந்திருக்கக் கற்பிப்பது அடிமை மனத்தை வலுப்படுத்தியது என்று கூறுவோர் உளர். அக்கூற்றை முற்றிலும் ஒதுக்குவதற்கில்லை. எனினும் 'ஆண்டவர்' என்று அவர்கள் விளித்தது துரையை அன்று. துரையும் மண்டியிட வேண்டிய ஒருவரை. அச்சார்பு ஏனைய சார்புகளுக்கு ஓர் அளவு வகுத்தது என்றே கருத இடமுண்டு.

'ஐக்கியம்' என்னும் சொல்லும் இத்தகையதே. சைவ மரபில் உயிர் சிவத்தோடு கலத்தலைக் குறித்த இச்சொல், சீர்திருத்தச் சபைத் தமிழில் இறைவனோடு கொள்ளும் உறவையும் அடியார் தம்முள் கொள்ளும் உறவையும் ஒருங்கே குறிக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கம் என்னும் பெயர் இதற்குச் சான்று. சாதி வேறுபாடு தேவாலய வாயிலில் நின்றுவிடவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

கத்தோலிக்கரிடையே மொழிச் சிக்கல் பிந்தியே தோன்றியது. பூசை இலத்தீனில் நடந்த காலத்தில் குருவின் மொழி எவருக்கும் தாய்மொழியன்று. மக்கள் அந்நேரத்தில் தமிழில் செபமாலை சொல்லினர். பரலோக மந்திரமும் பிரியதத்த மந்திரமும் அவர்களுக்கு மனப்பாடம். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடு கேரளத்தில் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அந்த எல்லை அன்றே பலிபீடத்தைத் தொடவில்லை; இலத்தீன் அதற்குத் திரையாக நின்றது. 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் மக்கள் மொழிக்கு வழி திறந்தது. அப்போதுதான் 'எந்த மக்கள் மொழி?' என்னும் வினா எழுந்தது. சிரியாக்கிலிருந்து 1962-இல் மலையாளத்துக்கு மாறிய சீரோ மலபார் சபைக்கு இவ்வினா பெரிதாக எழவில்லை. இலத்தீன் முறையைச் சார்ந்த தமிழருக்கு அது வாழ்வு வினா. தாய் தன் பிள்ளைக்குக் கற்பித்த மன்றாட்டும் பங்குக் கோயிலில் ஒலிக்கும் மன்றாட்டும் வேறு வேறு மொழிகளாகிவிடின், ஒன்றிப்பு என்பது எதனோடு?

இரு பகுதிகளும் இதனை எதிர்கொண்ட சூழல் வேறு. மூணாறு 1930-இல் நிறுவப்பட்ட விசயபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது, தலைமையிடம் கோட்டயம். அங்குத் தமிழ்ப் பங்குகள் மலையாளப் பெரும்பான்மைக்குள் அமைந்தன. பாலக்காட்டின் தமிழ்ப் பங்குகளோ, மாநிலம் மாறிய பின்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் கோயம்புத்தூர் மறைமாவட்டத்திலேயே நீடித்தன. அரசின் எல்லையும் திருச்சபையின் எல்லையும் பொருந்தாதிருந்தது அவர்களுக்குக் காப்பாயிற்று. 2013 டிசம்பர் 28 அன்று கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்துச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, தமிழ் பேசும் இலத்தீன் கத்தோலிக்கருக்குக் கேரளத்துக்குள்ளேயே ஓர் ஆயர் பீடம் கிடைத்தது. பாலக்காட்டுப் புனித செபஸ்தியார் ஆலயம் அதன் பேராலயமாயிற்று.