அடிசனின் கண்டனமும் ஹாண்டெலின் இசைநாடகமும்

ஆங்கில உரைநடைக்கு எடுத்துக்காட்டாக ஜோசப் அடிசனின் கட்டுரைகளை மாணவர்க்குக் காட்டுவது ஆசிரியர் வழக்கம். அவற்றுள் ஒன்று 1711ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் 'ஸ்பெக்டேட்டர்' ஏட்டில் வெளிவந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரி 24இல், இலண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் அரங்கேறிய 'ரினால்டோ' என்னும் இத்தாலிய இசைநாடகத்தை அக்கட்டுரை எள்ளி நகையாடுகிறது. அதன் நகைச்சுவையில் மயங்கி அதனையே தீர்ப்பாகக் கொண்டோர் பலர். அத்தீர்ப்பு நேரியதுதானா?

தெருவில் ஒருவன் கூண்டு நிறையச் சிட்டுக்குருவிகளைச் சுமந்து செல்கிறான். எதற்கென்று கேட்டால், இசைநாடகத்துக்காம்! சோலைக் காட்சியில் பறப்பவை குருவிகள். அவற்றின் பாட்டோ திரைமறைவில் ஊதும் குழல்களிலிருந்து வருகிறது. அட்டைக் கடலில் படகேறிய கதாநாயகனும் அடிசனின் கேலிக்குத் தப்பவில்லை. தீட்டிய காட்சியோடு உயிருள்ள பொருளைக் கலத்தல் பொருந்தாது என்பது அவர் வாதம். இதில் நியாயம் உண்டு. அவருடைய நண்பர் ஸ்டீலும், குருவிகள் மரத்தில் அமராமல் மெழுகுவத்திகளை அணைத்துவிடுகின்றன என்று சில நாட்களில் எழுதினார்.

ஆனால், இசையைப் பற்றி அடிசன் கூறியது யாது? ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஹாண்டெலை நம் காலத்து ஆர்பியசு என்று போற்றி, அவர் இரண்டே வாரத்தில் இசையமைத்தார் என்று பாடலாசிரியர் ரோசி முன்னுரையில் வியந்திருந்தார். அம்முன்னுரையைப் பழித்ததோடு சரி. அரங்கத் தலைவர் ஆரன் ஹில் கண், காது ஆகிய இரு புலன்களுக்கும் விருந்து வைக்க விரும்பியவர். திறனாய்வாளரோ கண்ணுக்கு இட்டதை மட்டும் சுவைத்துப் பார்த்துவிட்டு இலையை மூடிவிட்டார்.

காதுக்கு இட்ட விருந்தில் அல்மிரேனாவின் பாடல் ஒன்றே போதும். சிறைப்பட்ட பெண் தன் விதியை எண்ணி அழ விடுமாறு கேட்கிறாள். இயந்திரமில்லை, இடிமின்னலில்லை. மெல்ல நடக்கும் தாளம், சொற்களுக்கிடையே மௌனம். அந்த மௌனத்தில்தான் அழுகை கேட்கிறது. இம்மெட்டு 1705இல் ஹாம்பர்கில் ஆடலிசையாகவும், 1707இல் உரோமில் வேறு சொற்களோடு பாடலாகவும் ஒலித்தது. மூன்றாம் முறையே தனக்குரிய இடத்தை அடைந்தது. இரண்டு வார வேகத்தின் மறைபொருளும் இதுவே: முன்னர் ஆக்கியவற்றை ஹாண்டெல் தாராளமாக எடுத்தாண்டார்.

இத்தாலிய மொழி புரியாது என்ற குறையையும் அடிசன் மார்ச்சு 21இல் எழுதினார். தாய்மொழிப் பற்றுடையோர் அதை எளிதில் தள்ளமாட்டார். எனினும் 'ரினால்டோ'வின் பாடல் நூலில் ஹில்லின் ஆங்கில வடிவமும் உடன் அச்சிடப்பட்டிருந்தது. மக்கள் வந்தனர், முதற் பருவத்திலேயே 15 முறை நடந்தது.

அடிசனுக்கு ஒரு பழைய புண்ணும் உண்டு. அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ரோசமண்ட்' என்னும் இசைநாடகம், கிளேட்டனின் இசையில், 1707இல் மூன்றே முறை நடந்து வீழ்ந்தது. உள்நோக்கத்தைக் காட்டுவது வாதத்துக்கு மறுப்பாகாது. ஆயினும் இசை ஒரு நாடகத்தை எவ்வளவு தூரம் ஆக்கும் அல்லது அழிக்கும் என்பதை அவரினும் நன்கறிந்தவர் எவர்? அவர் மறைந்தது 1719இல். 1733இல் தாமஸ் ஆர்ன் என்னும் இளைஞர் அதே 'ரோசமண்ட்' பாடல்களுக்குப் புதிதாய் இசையமைத்தார். அப்போது அந்நாடகம் வரவேற்புப் பெற்றது.