மன்னார் வளைகுடாத் தீவுப் பெயர்களில் விலங்குகள்: முசல், ஆனை, விலாங்கு

ஆய்வுச் சுருக்கம்

இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே அமைந்த 21 தீவுகளுள் சில, விலங்கின் பெயரைத் தாங்கியுள்ளன. அவற்றுள் முசல் தீவு, ஆனைப்பார், விலாங்குச்சல்லி ஆகிய மூன்றின் பொருளையும் சொல்லமைப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

முத்துக்குளித்துறையில் இடப்பெயர் என்பது கடலோடிக்கு வழிகாட்டும் குறிப்பாகும். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்னும் பெயர்கள் எங்கே குடிநீர் கிட்டும், எங்கே கிட்டாது என்பதை உணர்த்துகின்றன. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைத்திட்டு ‘பார்’ எனப்பட்டது. இந்நோக்கிலேயே விலங்குப் பெயர்களையும் அணுகுதல் தகும்.

முசல்

மண்டபம் தொகுதியைச் சேர்ந்த முசல் தீவே 21 தீவுகளுள் பெரியது. ஆங்கில ஆவணங்களில் இது ‘முசல்’ எனவும், முயலைக் குறிக்கும் ‘ஹேர்’ எனவும் இருவகையாக வழங்குகிறது. இவற்றுள் எது எதன் மொழிபெயர்ப்பு? ஆங்கிலப் பெயர் முந்தியதாயின், அதைத் தமிழாக்கியோர் ‘முயல்’ என்னும் எழுத்துவழக்கையே கையாண்டிருப்பர். ‘முசல்’ என்னும் பேச்சுவடிவம் பதிவாகியிருப்பது, அப்பெயர் கடற்கரை மக்களின் வாய்மொழியிலிருந்து பெறப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வடிவத்தைக் கொச்சை என ஒதுக்கவும் இயலாது. தமிழில் யகரம் நிற்கும் இடத்தில் உறவுமொழிகளில் சகரம் நிற்பதைக் காண்கிறோம். தமிழ் ‘உயிர்’, கன்னடத்தில் ‘உசிர்’, தெலுங்கில் ‘உசுரு’. தமிழ் ‘பெயர்’, பழங்கன்னடத்தில் ‘பெசர்’. திராவிட மொழியியலார் இத்தகைய சொற்களில் சகரத்தையே மூத்த ஒலியாகக் கொள்வர். எனவே ‘முசல்’ பழைய ஒலியின் எச்சமாக இருத்தல் கூடும்.

தூத்துக்குடித் துறைமுகத்தை அடுத்தும் ஒரு முயல் தீவு உண்டு. கலங்கரை விளக்கம் அமைந்த அவ்விடம் ‘பாண்டியன் தீவு’ எனவும் வழங்கப்படுகிறது. இங்கு வழங்குவது எழுத்துவழக்கு வடிவம். மண்டபப் பெயருக்குள்ள ஒலிச்சான்று இதற்கு இல்லை. ஆதலின் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து முடிவுகாண்பது பொருந்தாது.

ஆனை

ஆனைப்பார் என்பதைக் கேட்டவுடன் யானையைத் தேடவேண்டியதில்லை. தமிழில் ‘ஆனை’ முன்னொட்டாக நின்று பருமையைக் குறிக்கும். நெருஞ்சியினும் பெரியது ஆனைநெருஞ்சி. கற்றாழையினும் பெரியது ஆனைக்கற்றாழை. அவ்வாறே ஆனைப்பார் ‘பெரிய பார்’ எனப் பொருள்படும். விலங்கு இங்கே அளவையாக நிற்கிறது.

விலாங்கு

தூத்துக்குடித் தொகுதியிலுள்ள விலாங்குச்சல்லியின் பெயர் ஆங்கில எழுத்தில் நெடில் குறில் வேறுபாட்டை இழந்தது. அதைப் பார்த்து மீண்டும் தமிழில் எழுதுவோர் ‘விலங்குசல்லி’ என்கின்றனர். விலங்கினம் எனக் கொண்டாலும் தளை எனக் கொண்டாலும், அப்பொருள் கடலடிச் சூழலோடு ஒட்டவில்லை. ‘சல்லி’ என்பது உடைந்த சிறுகல். பவளப்பாறைத் துண்டுகள் குவிந்து மேடிட்ட இடத்திற்கு அது பொருத்தமான சொல். அத்துண்டுகளின் இடுக்குகளே விலாங்கினத்தின் வாழிடம். ஆகவே ‘விலாங்கு வாழும் சல்லிமேடு’ என்னும் பொருளே ஏற்புடையது. காரைச்சல்லி முதலிய பிற பெயர்களிலும் ‘சல்லி’ பின்னொட்டாக வருவது இதனை வலுப்படுத்துகிறது.

இத்தீவு இன்று நீர்மட்டத்திற்கு மேல் இல்லை. இதுவும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் கடலில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்பிற்காகவும் கட்டுமானத்திற்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டமை இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பெயரின் பிற்பகுதியான ‘சல்லி’ எதைச் சுட்டியதோ, அதை அகற்றியதே தீவின் அழிவாயிற்று.

முடிவுரை

மூன்று பெயர்களிலும் விலங்கு மூன்று நிலைகளில் பயின்றுள்ளது: முசல் பழைய ஒலியைக் காக்கிறது, ஆனை அளவைச் சுட்டுகிறது, விலாங்கு வாழிடத்தை உரைக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. அத்தொழிலோடு வளர்ந்த பெயரறிவு மூத்தோர் நினைவில் மட்டுமே எஞ்சுகிறது. மூழ்கிய தீவிற்குப் பெயரே எஞ்சிய சான்று. அதன் நெடிலைக் குறிலாக்கினால் அச்சான்றும் பொருளிழக்கும். வரைபடங்களிலும் அரசு ஆவணங்களிலும் இப்பெயர்களைக் கடற்கரை மக்களின் ஒலிப்பைக் கேட்டே தமிழில் எழுதுதல் வேண்டும்.