மனித மீன்: யாருடைய தோல்?



இத்தாலிக்குக் கிழக்கே ஸ்லோவேனியா என்றொரு சின்ன நாடு. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளில், இருட்டுத் தண்ணீரில் ஒரு பிராணி வாழ்கிறது. சாலமாண்டர் இனம், தவளைக்கு உறவு, ஆனால் வால் உண்டு. 25, 30 செ.மீ. நீளம் வரும். கண் தெரியாது.

பெருமழையில் நிலத்தடி வெள்ளம் இதை வெளியே தள்ளும்போது, பூமிக்குள் வாழும் டிராகனின் குட்டி என்று ஜனங்கள் நம்பினார்களாம். வல்வசோர் என்பவர் 1689-இல் எழுதிய நூலில் இது இருக்கிறது. 1768-இல் லவுரெந்தி இதற்கு வைத்த அறிவியல் பெயர் புரோட்டியஸ். உருமாறும் கிரேக்கக் கடல் தெய்வத்தின் பெயர் அது.

ஊர் ஜனங்கள் வழங்கும் பெயர் ‘ச்லோவேஷ்கா ரிபித்ஸா’. மனித மீன்குஞ்சு என்று பொருள். மனிதனுமில்லை, மீனுமில்லை, பின் ஏன்? அதன் வெளிறிய இளஞ்சிவப்புத் தோல் மனிதத் தோல்போல் இருக்கிறதாம்.

எந்த மனிதத் தோல்? கிரேயான் பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று ஒரு குச்சி இருக்குமே, நினைவிருக்கிறதா? நம் வகுப்பில் ஒருவர் கைக்கும் அது பொருந்தியதில்லை.

1986-இல் அந்நாட்டின் பேலா கிராயினா பகுதியில் இதிலேயே கருநிற வகை ஒன்று அகப்பட்டது. சின்னக் கண்ணும் உண்டு. அதைக் ‘கறுப்பு’ என்று அடைமொழி சேர்த்துத்தான் சொல்கிறார்கள். வெளுத்ததற்கு அடைமொழி தேவைப்படவில்லை.

இத்தனைக்கும், அந்த வெளுத்த பிராணியை வெளிச்சத்தில் வைத்திருந்தால் மெல்லமெல்லக் கறுத்துவிடும். நிறமி உண்டாக்கும் திறன் அதன் தோலில் இன்னும் இருக்கிறது.