பட்டியலில் இல்லாத புத்தகம்

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் சித்தியின் மகள் போன மாதம் கேட்டாள்: "அண்ணா, தமிழில வாசிக்கிறதுக்குப் பத்துப் புத்தகம் சொல்லுங்கோ."

என் போனில் அப்படிப் பட்டியல்கள் நிறைய இருக்கின்றன. எஸ். ராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த நூறு சிறுகதைகள், ஜெயமோகன் பரிந்துரைத்த நாவல்கள் என்று எதைக் கண்டாலும் சேமித்துவிடுவேன். பிடித்த எழுத்தாளரின் புத்தக அலுமாரியை எட்டிப் பார்ப்பது போன்ற ஆசை அது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: சேமித்ததில் பத்தில் ஒன்றைக்கூட நான் வாசித்ததில்லை. சேமித்தவுடனேயே பாதி வாசித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது.

அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, பட்டியல் ஒன்று தோற்றுப்போன சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது.

1880 அக்டோபர் 21, கும்பகோணம். உ. வே. சாமிநாதையருக்கு அப்போது வயது 25. அங்குள்ள அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர். அந்தக் காலத்தின் பெரும் புலவரான மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல வருடம் பாடம் கேட்டவர். ஊருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார்.

சாமிநாதையர் அடுக்கினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள். நீளமான பட்டியல். முதலியார் அசரவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டார். பிறகு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்றார். சீவக சிந்தாமணி? சிலப்பதிகாரம்? மணிமேகலை?

சாமிநாதையர் அவற்றைப் படித்ததில்லை. அவருடைய ஆசிரியரும் படித்ததில்லை. ஆனாலும் புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்று தைரியமாகச் சொன்னார். இதையெல்லாம் தன் சுயசரிதையான 'என் சரித்திர'த்தில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

சில நாட்களில் முதலியார் சிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுத்தார். பத்து நூல் இல்லை, ஒன்றே ஒன்று. திறந்து பார்த்தால், அத்தனை படித்தவருக்கே பல இடங்கள் விளங்கவில்லை. அது சமண காப்பியம். சமண சமயம் அவருக்குப் பழக்கமில்லாதது. அப்போதுதான் தெரிந்தது, கும்பகோணத்திலேயே இருந்த சமணக் குடும்பங்கள் சிந்தாமணியைப் பக்தியோடு வாசித்து வருகிறார்கள் என்று. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏழு வருடம் கழித்து, 1887இல், சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று தொடர்ந்து பதிப்பித்தார். இன்று இந்த நூல்களை நாம் எந்த நாட்டிலிருந்தும் ஒரு நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் அந்த ஒரு கேள்வியும் இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, தன் பட்டியல் போதாது என்று தெரிந்ததும் அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. மற்றது, விளங்காததை அக்கம்பக்கத்தில் கேட்க அவர் வெட்கப்படவில்லை. நம்மில் பலர் தமிழ்ப் புத்தகத்தை மூடி வைப்பது பிடிக்காததால் இல்லை. முதல் பக்கத்திலேயே நாலு சொல் விளங்காமல் போகும்போது, 'என் தமிழ் காணாது' என்று கூச்சம் வந்துவிடுகிறது. சாமிநாதையருக்கே விளங்காமல் போயிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் போனால் என்ன?

அதனால் தங்கச்சிக்குப் பத்துப் புத்தகம் அனுப்பவில்லை. 'என் சரித்திர'த்தில் இந்தச் சந்திப்பு வரும் பகுதியை மட்டும் அனுப்பினேன். "விளங்காட்டி அம்மம்மாட்டக் கேள்" என்றும் எழுதினேன்.

நானும் என் பட்டியலில் இருந்து ஒரு நாவலை எடுத்திருக்கிறேன். இருபதாம் பக்கத்தில் நிற்கிறேன். இதுவரை மூன்று தடவை அம்மாவுக்குப் போன் எடுத்தாயிற்று.